என்.ஐ.சி.யூ.வில் அப்பா அம்மாவுக்கு என்ன வேலை?

இந்த எபிசோட் குறைமாதக் குழந்தைகளைப் பத்தி. "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல, இது எனக்கு எதுக்கு?"ன்னு நினைக்கிறவங்களும் கொஞ்சம் இருங்க. உலகத்துல பிறக்கிற பத்துக் குழந்தைகள்ல சுமாரா ஒண்ணு, 37 வாரம் முடியறதுக்கு முன்னாடியே பிறக்குது. 2020-ல மட்டும் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்திருக்காங்க. அதுல ஏறக்குறைய 30 லட்சம் பேர் இந்தியாவுல. உங்க டீம்லயோ காலேஜ் வாட்ஸ்அப் குரூப்லயோ யாரோ ஒருத்தர் வீட்ல இது நடக்கும். அப்போ என்ன பேசறது, என்ன செய்யறதுன்னு நமக்குக் கை கால் ஓடாது. அதுக்காகத்தான் இது.

எங்க வீட்ல நடந்தது போன வருஷம். அக்காவுக்கு வளைகாப்புக்கு நாள் குறிச்சு, மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்தாச்சு. 30-வது வாரத்துல திடீர்னு பிரஷர் ஏறிடுச்சு. இனி காத்திருந்தா ரெண்டு பேருக்குமே ஆபத்துன்னு சொல்லி ஆபரேஷன் பண்ணிட்டாங்க. பையன். எடை 1,180 கிராம். ஒரு கிலோ அரிசிப் பாக்கெட்டைக் கையில எடுத்துப் பாருங்க, அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

சொந்தக்காரங்க ஆறுதலுக்குச் சொன்னது என்ன தெரியுமா? "ஏழாம் மாசம் பிறந்தா தங்கிடும், எட்டாம் மாசம்தான் தங்காது." நம்ம ஊர்ல ரொம்ப நாளா இருக்கிற நம்பிக்கை இது. மருத்துவத்துல இதுக்கு இடமே இல்லை. வயித்துக்குள்ள இருக்கிற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான்.

முக்கியமான காரணம் நுரையீரல். நுரையீரலுக்குள்ள இருக்கிற குட்டிக் குட்டிக் காற்றுப் பைகள் மூச்சு விடும்போது ஒட்டிக்காம இருக்க, சர்ஃபாக்டன்ட்னு ஒரு பொருள் வேணும். அது போதுமான அளவு சுரக்க 34, 35 வாரம் ஆகும். 1963-ல அமெரிக்க ஜனாதிபதி கென்னடியோட மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னாடி பிறந்தார். எடை 2 கிலோவுக்கு மேல. இருந்தும் 39 மணி நேரம்தான் உயிரோட இருந்தார். அன்னைக்கு அமெரிக்க ஜனாதிபதியாலயே வாங்க முடியாத மருந்து இன்னைக்கு நம்ம ஊர் ஆஸ்பத்திரிகள்ல இருக்கு. பிரசவத்துக்கு முன்னாடி அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவாங்க. பிறந்த பிறகு தேவைப்பட்டா சர்ஃபாக்டன்ட்டை நேரா குழந்தையோட நுரையீரலுக்குள்ளயே கொடுப்பாங்க. மூச்சு விடவே மறந்துபோற குழந்தைகளுக்கு இன்னொரு மருந்து உண்டு. அதோட பேரைக் கேட்டா சிரிப்பீங்க: கஃபீன். நம்ம காபியில இருக்கே, அதேதான்.

ஆக, மருந்து இருக்கு, வார்மர் இருக்கு, மானிட்டர் இருக்கு. அப்போ அப்பா அம்மாவுக்கு அங்க என்ன வேலை?

இந்தக் கேள்விதான் எங்க அக்காவை உடைச்சது. அந்த ஆஸ்பத்திரியில காலையில கால் மணி நேரம், சாயங்காலம் கால் மணி நேரம்தான் பார்க்க விடுவாங்க. வளையல், மோதிரம் எல்லாம் கழட்டி, முழங்கை வரைக்கும் கழுவி, கவுன் போட்டு உள்ள போறதுக்குள்ள அதுல பாதி போயிடும். குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கல. கால்ல கட்டின பட்டையில அக்கா பேருக்கு முன்னாடி 'பேபி ஆஃப்'னு போட்டிருக்கும், அவ்வளவுதான். ஒருநாள் வெளிய வந்து சொன்னா: "எல்லாரும் என் புள்ளைக்கு ஏதாவது ஒண்ணு பண்றாங்கடா. நான் மட்டும்தான் விசிட்டர்."

அவளால செய்ய முடிஞ்ச ஒரே வேலை பால் எடுக்கறது. மூணு மணி நேரத்துக்கு ஒருதரம், ராத்திரியிலயும் அலாரம் வச்சு எழுந்து பம்ப் பண்ணுவா. முதல் நாள் வந்தது சில சொட்டு சீம்பால். 34 வாரத்துக்கு முன்னாடி பெரும்பாலான குழந்தைகளுக்கு உறிஞ்சறது, விழுங்கறது, மூச்சு விடறது மூணையும் சேர்த்துச் செய்ய வராது. அதனால டியூப் வழியாதான் பால் போகும். தொட்டியில தூங்கற குழந்தை இல்லாம, அலாரம் அடிச்சு எழுந்து பால் எடுக்கறது எவ்வளவு கொடுமைன்னு பக்கத்து ரூம்ல இருந்த எனக்குத் தெரியும். ஆனா அந்தச் சில சொட்டு சாதாரணம் இல்லை. குறைமாதக் குழந்தைகளைத் தாக்குற மோசமான குடல் நோய் ஒண்ணு இருக்கு. அது வராம காக்கறதுல தாய்ப்பாலுக்கு இணையா எந்தப் பால் பவுடரும் இல்லை.

இப்போ ஒரு பழைய கதை. 1978, கொலம்பியா நாட்டுல பொகோட்டா நகரம். அங்க ஒரு பெரிய பிரசவ ஆஸ்பத்திரியில இன்குபேட்டர் பத்தல. ஒரே இன்குபேட்டர்ல ரெண்டு மூணு குழந்தைகளைப் போடறாங்க, கிருமி பரவுது. எட்கர் ரே என்ற டாக்டர் வேற வழி யோசிச்சார். அம்மாவோட நெஞ்சுல, தோலோட தோல் ஒட்டற மாதிரி குழந்தையைக் கட்டி வச்சார். கங்காரு பராமரிப்பு பிறந்தது இப்படித்தான். ரொம்ப நாள் இதை 'ஏழை நாட்டு இன்குபேட்டர்' மாதிரிதான் பார்த்தாங்க. 2021-ல ஒரு பெரிய ஆய்வு வெளியாச்சு. டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும், நாலு ஆப்பிரிக்க நாடுகளோட ஆஸ்பத்திரிகளும் அதுல இருந்தன. ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடையில இருந்த குழந்தைகள்ல ஒரு பாதிக்கு, நிலைமை சீராகட்டும்னு காத்திருக்காம, பிறந்த உடனே கங்காரு பராமரிப்பை ஆரம்பிச்சாங்க. அவங்கள்ல முதல் 28 நாள்ல நடந்த இறப்பு 25 சதவீதம் குறைவு. 2022-ல உலக சுகாதார நிறுவனமும் இதையே வழிமுறையாச் சொல்லிடுச்சு: பிறந்த உடனே ஆரம்பிங்க, ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துல இருந்து 24 மணி நேரம் வரைக்கும் செய்யுங்க.

யோசிச்சுப் பாருங்க. இதே பலனை ஒரு மாத்திரை கொடுத்திருந்தா எல்லா ஆஸ்பத்திரியும் மறுநாளே வாங்கி வச்சிருக்கும். இங்க மருந்தே அம்மாதான். அவங்களை வெளிய பெஞ்சுல உட்கார வச்சிருக்கோம்.

கிருமித் தொற்று பயம், இடநெருக்கடி, ஆள் பத்தாக்குறை, எல்லாம் உண்மைதான். அதனாலதான் கேட்கணும். எங்க மாமா ஒன்பதாம் நாள் டாக்டரைக் கேட்டார்: "எப்போ கங்காரு கேர் ஆரம்பிக்கலாம் சார்?" மறுநாளே ஒரு சீனியர் சிஸ்டர் அக்காவை உட்கார வச்சு, டியூப், ஒயரோடயே குழந்தையைத் தூக்கி நெஞ்சுல வச்சாங்க. பக்கத்துல மானிட்டர். நானும் மாமாவும் கண்ணாடி வழியா அந்த நம்பரையே முறைச்சுப் பார்த்துட்டு இருந்தோம். ஆபீஸ்ல ராத்திரி சர்வர் டேஷ்போர்டைப் பார்க்கிற பழக்கம், என்னால கண்ணை எடுக்க முடியல. அந்த சிஸ்டர் வெளிய வந்து சொன்னாங்க: "நம்பரை நாங்க பார்த்துக்கறோம். நீங்க குழந்தை முகத்தைப் பாருங்க."

அடுத்த வாரத்துல இருந்து மாமாவும் சட்டை பட்டனைக் கழட்டிட்டு உட்கார ஆரம்பிச்சார். ஆமா, அப்பாவும் செய்யலாம். 47-வது நாள் வீட்டுக்கு வந்தாங்க. வீட்லயும் இதைத் தொடரச் சொல்லியிருந்தாங்க. அக்கா குளிக்கப் போகும்போது அது என் டியூட்டி. காது குத்த மாமன் மடியில உட்காரணும்னு சொல்வாங்க. எங்க பையன் அதுக்கு ரொம்ப முன்னாடியே மாமன் நெஞ்சுல தூங்கிட்டான்.

சரி, உங்களுக்குத் தெரிஞ்சவங்க வீட்ல இப்படி நடந்தா?

முதல்ல வாழ்த்து சொல்லுங்க. குழந்தை பிறந்திருக்கு, அதை யாருமே சொல்ல மாட்டாங்க. "எப்போ டிஸ்சார்ஜ்?"னு தினம் கேட்காதீங்க, அவங்களுக்கே தெரியாது. சாப்பாடு கொண்டு போங்க. ராத்திரி ஆஸ்பத்திரி வாசல்ல ஒருநாள் நீங்க இருந்து, அந்த அப்பாவைத் தூங்க அனுப்புங்க.

ரெண்டாவது, 34 வாரத்துக்கு முன்னாடியோ 2 கிலோவுக்குக் குறைவாவோ பிறந்த குழந்தைக்கு, 30 நாளுக்குள்ள விழித்திரைப் பரிசோதனை ஆச்சான்னு கேட்கச் சொல்லுங்க. ரொம்பச் சின்னக் குழந்தைன்னா இன்னும் முன்னாடியே. பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950-ல குறைமாதத்துல பிறந்து பார்வை இழந்தது இந்த விழித்திரைப் பிரச்சினையாலதான். இன்னைக்கு நேரத்துக்குக் கண்டுபிடிச்சா பார்வையைக் காப்பாத்தலாம்.

மூணாவது, "ஏன் இன்னும் குப்புற விழல?"ன்னு ஒப்பிடாதீங்க. வளர்ச்சியைப் பார்க்கும்போது, ரெண்டு வயசு வரைக்கும், முன்னாடி பிறந்த வாரங்களைக் கழிச்சுத்தான் கணக்கு. தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான்.

உங்க வீட்ல இப்படி ஒரு குழந்தை வளர்ந்திருந்தா எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. இப்போ யாராவது அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளிய உட்கார்ந்து இதைக் கேட்டுட்டு இருந்தா, ஒண்ணே ஒண்ணு: அடுத்த ரவுண்ட்ஸ் வரும்போது டாக்டரைக் கேளுங்க, "எப்போ என் நெஞ்சுல வச்சுக்கலாம்?"

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.