சக்கரம் தரையை விடாதிருக்க



மயிலாப்பூரிலிருந்து இந்த வானொலி நிலையத்துக்கு வருகிறவர்கள் கச்சேரி ரோடு வழியாகச் சாந்தோமை அடைந்து, கலங்கரை விளக்கத்தைத் தாண்டிக் காமராஜர் சாலையில் சேருவது வழக்கம். அந்த அகன்ற கடற்கரைச் சாலையில் எந்தப் பழைய காரும் புதுக் காராகவே தோன்றும். ஆனால் அதற்கு முன்பு, மெட்ரோ ரயில் வேலைக்காகப் போக்குவரத்தைத் திருப்பிவிட்ட சந்துகளில் நுழைந்து, குழாய்க்காகத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளங்களின் மேல் ஏறி இறங்கி வருகிற அந்தக் கால்மணி நேரத்தில்தான், ஒரு வாகனத்தின் உண்மையான வயது அதில் உட்கார்ந்திருப்பவருடைய முதுகெலும்புக்குப் புலப்படுகிறது.

எங்கள் வீட்டில் 1996-ஆம் ஆண்டு வாங்கிய மாருதி 800 ஒன்று இருக்கிறது. பதிவுக் காலமான 15 ஆண்டுகள் முடிந்து, அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்து, இன்றும் ஓட்டிவருகிறோம். சென்ற மார்கழியில், மந்தைவெளியிலிருந்து திரும்பும்போது, பின்னிருக்கையிலிருந்த என் தாயார், "ஏண்டா, வண்டி ஏன் இப்படித் தொட்டில் மாதிரி ஆடறது?" என்று கேட்டார். அன்றாடம் ஓட்டுகிற எனக்கு அந்த ஆட்டம் சிறிது சிறிதாகப் பழகிப்போய்விட்டிருந்தது. மாதத்திற்கு இருமுறை ஏறுகிற அவருக்கு அது உடனே தெரிந்தது. ப்ரேக்கை அழுத்தினால் மூக்கு தாழ்வதும், வேகத்தடையைத் தாண்டியபின் இரண்டு மூன்று முறை குதித்து அடங்குவதும், முன் டயர்களின் விளிம்பில் அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்ததும் அதன்பிறகுதான் என் கவனத்துக்கு வந்தன. பழக்கமான மெக்கானிக் முன் மட்கார்டின் மேல் கையை ஊன்றி ஓர் அழுத்து அழுத்திக் கையை எடுத்தார். ஏறி ஒருமுறை இறங்கி நிற்க வேண்டிய வண்டி மேலும் இரண்டு முறை ஆடியது. "ஷாக் போயிடுச்சு சார், ரெண்டு பக்கமும்" என்றார்.

பட்டறைகளில் ஷாக் என்று வழங்குகிற இந்தக் கருவிக்கு, முன்சக்கரங்களைப் பொறுத்தவரை, சரியான பெயர் ஸ்ட்ரட். இதைப்பற்றி நம்மில் பலருக்கும் ஒரு தவறான அபிப்பிராயம் உண்டு. பிரயாணம் மெத்தென்று இருப்பதற்காக வைத்தது இது என்று எண்ணுகிறோம். ஆகையால் அது தேய்ந்தாலும், "சௌகரியம்தானே குறைகிறது, பொறுத்துக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போடுகிறோம். மெத்தென்ற தன்மையைத் தருவது ஸ்பிரிங். ஜட்கா வண்டியிலேயே அதற்கு வில்பட்டை இருந்தது. ஆனால் ஸ்பிரிங்குக்கு ஒரு சுபாவம் உண்டு: அழுத்தினால் எழும், எழுந்தால் தாழும், தானாக நிற்காது. கூடத்து ஊஞ்சலை ஒருமுறை வீசிவிட்டால் அது எப்படி வெகுநேரம் ஆடிக்கொண்டே இருக்கிறதோ அப்படி. ஊஞ்சலில் இருப்பவர் காலைத் தரையில் லேசாகத் தேய்த்து ஆட்டத்தை நிறுத்துகிறார் அல்லவா, அந்தக் காலின் வேலையைத்தான் ஸ்ட்ரட் செய்கிறது. அதனுள்ளே எண்ணெய் நிறைந்த குழாய் ஒன்றில் பிஸ்டன் ஒன்று மேலும் கீழும் ஓடுகிறது. சிறு துவாரங்களின் வழியே எண்ணெய் நெருக்கித் தள்ளப்படும்போது ஆட்டத்தின் சக்தி உஷ்ணமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. வேகத்தடைகள் நிறைந்த சாலையில் வெகுதூரம் ஓட்டியபின் தொட்டுப் பார்த்தால் அந்தச் சூடு கைக்குத் தெரியும்.

இரண்டு விதமான ஆட்டங்களை அது அடக்க வேண்டும். காரின் உடல் நொடிக்கு ஏறக்குறைய ஒன்று அல்லது ஒன்றரை முறை ஆடும். மனிதர் நடக்கும் தாளத்துக்கு அது சமீபமாக இருப்பதால் நமக்கு அவ்வளவாகத் துன்பம் தருவதில்லை. சக்கரமோ நொடிக்குப் பத்துமுறை அளவில் துடிக்கக் கூடியது. அந்தத் துடிப்பு அடங்காவிட்டால் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடுகிறது. தரையைத் தொடாத டயர் ப்ரேக்கையும் கேட்காது, ஸ்டியரிங்கையும் கேட்காது. மழைநாளில் சர்தார் பட்டேல் சாலையில் திடீரென்று நிறுத்த நேரும் ஒருவருக்கு, தேய்ந்த ஸ்ட்ரட் என்பது சௌகரியக் குறைவு அல்ல. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிச் சில அடி போய் நிற்கும் அபாயம். இந்த ஒரு விஷயத்தைச் சொல்வதற்காகவே நான் இன்று இங்கு வந்தேன் என்றாலும் மிகையாகாது.

ஸ்பிரிங்கையும் அதனுள்ளே இந்த எண்ணெய்க் குழாயையும் ஒன்றாக நிறுத்தி, சக்கரத்தை மேலிருந்து தாங்கும் தூணாகவே அதை ஆக்கிவிட்ட யோசனை ஏர்ல் மக்பெர்ஸன் என்ற அமெரிக்கப் பொறியாளருடையது. ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சிறிய காருக்காக அவர் தொடங்கிய வேலை கைவிடப்பட்டபின், 1947-இல் ஃபோர்டு நிறுவனத்துக்கு மாறினார். 1950-இல் இங்கிலாந்தில் வெளிவந்த கான்ஸல், ஸெஃபிர் ஆகிய ஃபோர்டு கார்களில் அந்த அமைப்பு இடம்பெற்றது. இடத்தை அடைக்காமல், குறைந்த உறுப்புகளோடு, மலிவாகச் செய்யக் கூடியதாக இருந்தமையால் சிறு கார்களுக்கு அது வரப்பிரசாதமாயிற்று. நம் தேசத்தில் அம்பாஸிடரும் பத்மினியும் வேறு வகை அமைப்புகளோடு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது, இந்த ஸ்ட்ரட் நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. 2014 ஜனவரியில் அந்தக் காரின் உற்பத்தி நின்றது; ஆயினும் திருவல்லிக்கேணியிலும் தியாகராய நகரிலும் வீட்டு வாசல்களில் இன்னும் அவற்றைக் காணலாம்.

நம் நகரம் இந்தக் கருவியை மிகவும் கடுமையாகச் சோதிக்கிறது. வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த ஓர் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம்; மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அதைத் துன்பமின்றித் தாண்ட வேண்டும் என்பது கருத்து. தெருவுக்குத் தெரு நாம் காண்பதோ ஓரடி, இரண்டடி அகலத்தில் செங்குத்தாக எழுந்து நிற்கும் மேடுகள். அடையாறு, பெஸன்ட் நகர்ப் பக்கத்தில் உப்புக் காற்று வேறு சேர்ந்து போல்ட்டுகளைத் துருவால் பற்றவைத்துவிடுகிறது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கீழ்த்தளங்களில் மூழ்கி நின்ற கார்கள் எத்தனை! எஞ்சினை மட்டும் சுத்தம் செய்து ஓட்டத் தொடங்கியவர்கள், ஸ்ட்ரட்டின் தலையிலிருக்கும் மௌண்டிங் பேரிங்கினுள் தங்கிய சேற்றை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'கடக்' என்று கேட்கும் சத்தத்துக்கு அது ஒரு காரணம்.

ஸ்ட்ரட்டை மாற்றும் வேலையை வீட்டிலேயே செய்யலாமா என்றால், செய்யலாம்; ஆனால் முழுவதையும் அல்ல. நான் செய்த விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் சாமான். முன்பு ஒருமுறை, செலவைக் குறைக்க எண்ணி, பழுது பார்த்துப் புதுப்பித்ததாகச் சொன்ன ஸ்ட்ரட்டுகளை ஒரு கடையில் வாங்கிப் போட்டேன். ஐந்தாம் மாதமே சீல் விட்டு எண்ணெய் வழிந்தது. கதவும் கண்ணாடியும் புதுப்பேட்டையில் தேடி வாங்கலாம். உயிரைத் தாங்கும் உறுப்பைப் புதிதாகவே வாங்க வேண்டும் என்பது என் தீர்மானம். இம்முறை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைத்தெருவில் இரண்டு புது ஸ்ட்ரட்டுகளும், அவற்றோடு மௌண்டிங், பம்ப் ஸ்டாப், தூசி புகாமல் மூடும் ரப்பர் பூட் ஆகியவையும் வாங்கினேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது கூடாது. ஒரு கால் புதிதாகவும் ஒரு கால் தளர்ந்தும் இருந்தால் வண்டி நேராக நடக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கெட்டியான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகளை வைத்தேன். பங்குனியில் கபாலீசுவரர் தேர் மாட வீதியில் வரும்போது, முட்டுக்கட்டைக்காரர்கள் ஒரு கணமும் சக்கரத்தினின்று கண்ணை எடுப்பதில்லை. அந்த ஜாக்கிரதைதான் இங்கும் வேண்டியது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டுகள் வேண்டும். செங்கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்திவிட்டு அடியில் கையை விடும் வழக்கத்தை யாரிடம் கண்டாலும் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டிருந்தேன். சக்கரத்தைக் கழற்றி, போல்ட்டுத் தலைகள் நின்ற நிலையை வெள்ளைப் பெயிண்டால் குறித்து, ப்ரேக் ஹோஸை ஸ்ட்ரட்டின் கொக்கியிலிருந்து விடுவித்தேன். சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் ஒரு பக்கம் சாய்ந்து அந்த ஹோஸையும் ட்ரைவ் ஷாஃப்டையும் இழுக்காதபடி அதைக் கம்பியால் கட்டிவைத்தேன். கீழேயுள்ள போல்ட்டுகளைக் கழற்றி, பிறகு பானெட்டுக்குள் மேல்புறத்து நட்டுகளைத் தளர்த்தியதும் ஸ்ட்ரட் ஸ்பிரிங்கோடு கைக்கு வந்தது.

இந்த இடத்தில் நேயர்கள் ஒன்றை மனத்தில் ஆழப் பதிக்க வேண்டும். மேலே பார்த்தால் நடுவில் ஒரு பெரிய நட்டு தெரியும். வெளிவட்டத்து நட்டுகளைத்தான் கழற்ற வேண்டுமேயன்றி, அந்த நடு நட்டைத் தொடவே கூடாது. முன்சக்கரம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 கிலோ பாரத்தைச் சுமக்கிறது. அதைத் தாங்கும் ஸ்பிரிங் அழுத்தப்பட்ட நிலையில் அந்த ஒரு நட்டின் கீழே அடைபட்டுக் கிடக்கிறது. அதை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் இல்லாமல் அந்த நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் தெறித்து முகத்தையோ மார்பையோ தாக்கும். துணிச்சலால் வெல்லக் கூடிய விஷயம் அல்ல அது. ஆகவே கழற்றிய இரண்டு ஸ்ட்ரட்டுகளையும் ஓர் ஆட்டோவில் வைத்து, தகுந்த கம்ப்ரஸர் உள்ள பட்டறைக்கு எடுத்துச் சென்று, ஸ்பிரிங்கைப் புது ஸ்ட்ரட்டுக்கு மாற்றித் தரச் சொன்னேன். அரைமணியில் முடிந்துவிட்டது. மீதி வேலை முழுவதும் வீட்டிலேயே நடந்தது என்பதில் எனக்குள்ள சந்தோஷம் இதனால் சிறிதும் குறைந்துவிடவில்லை.

திரும்பப் பொருத்துவது கழற்றியதற்கு எதிர்வரிசை. போல்ட்டுகளை டார்க் ரென்ச்சால், கம்பெனிப் புத்தகத்தில் கண்ட அளவுக்கு இறுக்கினேன். கைப்பலத்தை நம்புவது இங்கே உதவாது. மறுநாள் வீல் அலைன்மெண்ட் பார்த்தேன். ஸ்ட்ரட்டைத் தொட்டபின் சக்கரங்களின் கோணம் சிறிதேனும் மாறியிருக்கும், அதைச் சரிசெய்யாவிட்டால் புது டயரும் ஒருபக்கமாகத் தேயும்.

பழைய ஸ்ட்ரட்டில் ஒன்றை நான் எறியவில்லை. அதன் தண்டைக் கையால் உள்ளே தள்ளினால் தடையே இல்லாமல் இறங்குகிறது. புதியதை அப்படித் தள்ள முழு உடம்பின் பலம் வேண்டியிருந்தது. வீட்டுக்கு வரும் பிள்ளைகள் அதைத் தள்ளிப் பார்த்துவிட்டு, எங்கே போயிற்று அந்தத் தடை என்று கேட்கிறார்கள். வழிந்துபோன எண்ணெயோடு போய்விட்டது என்று சீலைக் காட்டுகிறேன்.

சென்ற வாரம் அம்மாவை அதே மந்தைவெளி வழியில் அழைத்துப்போனேன். அவர் ஆட்டத்தைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் புதிதாக வந்திருந்த கட்டடங்களை விசாரித்துக்கொண்டு வந்தார். போல்ட்டுகள் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டியவை; வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வேலை இருக்கிறது.