வீடா, வட்டாரமா? – தலைநகர மண்டலத்தில் வாழுமிடத் தேர்வு

(தில்லி அலுவலகங்களுக்கு அண்மையில் மாற்றலாகி வந்துள்ள தமிழக ஊழியர்களிடையே நிகழ்த்திய உரை)



தலைநகருக்கு மாற்றலாகி வரும் ஒவ்வொருவரும் முதலில் கேட்கும் வினா, "எங்கே வீடு பார்க்கலாம்?" என்பதே. ஒரு தலைமுறைக்கு முன்பு இதற்கு விடை எளிது. அரசுக் குடியிருப்பு கிடைக்கும் வரை கரோல் பாக். கிடைத்த பின் ராமகிருஷ்ணபுரம், லட்சுமிபாய் நகர் அல்லது மோதி பாக். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் பல இவ்விடங்களை ஒட்டியே அமைந்திருப்பது தற்செயலன்று. இன்றோ ஓரிரு பெயர்களைச் சொல்லி இவ்வினாவை முடித்துவிட இயலாது.

மண்டலத்தின் விரிவு

1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசியத் தலைநகர மண்டலம், தில்லி முழுவதையும், அரியானா, உத்தரப் பிரதேசம், இராசத்தான் ஆகிய மாநிலங்களின் பல மாவட்டங்களையும் உள்ளடக்கியது. அதன் பரப்பு ஏறத்தாழ 55,000 சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல். தில்லியின் மக்கள் தொகைப் பெருக்கத்தைச் சுற்றுப்புற நகரங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே இம்மண்டலத்தை வகுத்ததன் முதன்மையான நோக்கம்.

1981-இல் தில்லியின் மக்கள் தொகை 62 இலட்சம். 2011-இல் அது 1 கோடியே 68 இலட்சமாயிற்று. 2001-க்கும் 2011-க்கும் இடையில் புது தில்லி மாவட்டத்தின் மக்கள் தொகை குறைந்தது. அதே பத்தாண்டில் குருகிராம் மாவட்டத்தின் மக்கள் தொகை 70 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. அலுவலகங்கள் பெரும்பாலும் நடுவிலேயே இருக்க, குடும்பங்கள் விளிம்பை நோக்கி நகர்ந்தன என்பதையே இக்கணக்குகள் உணர்த்துகின்றன.

வாடகை மட்டுமே விலையன்று

நடுத்தரக் குடும்பம் வீடு தேடும்போது வாடகையையே அளவுகோலாகக் கொள்கிறது. பொருளாதார நோக்கில் இது அரைக் கணக்கேயாகும். வாடகையோடு பயணச் செலவையும் பயணத்தில் கழியும் நேரத்தையும் கூட்டினால்தான் வீட்டின் உண்மை விலை தெரியும்.

எடுத்துக்காட்டாக, வாடகை குறைவு என்பதற்காக ஒருவர் அலுவலகத்திலிருந்து ஒரு மணி நேரம் கூடுதல் தொலைவில் குடியேறுகிறார் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு இரண்டு மணி. ஆண்டுக்கு 240 வேலை நாட்கள் எனில் 480 மணி. எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் இது 60 நாட்களுக்குச் சமம். வாடகையில் மிஞ்சும் தொகை இந்த அறுபது நாட்களுக்கு ஈடாகுமா என்பதை அவரவரே முடிவு செய்தல் வேண்டும். கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் குடும்பத்தில் இக்கணக்கை இருவருக்கும் தனித்தனியே போட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒருவருடைய அலுவலகத்தை வைத்தே வீடு முடிவாகிறது. மற்றவர், பல வேளைகளில் மனைவியே, அதன் சுமையைத் தாங்குகிறார்.

தொலைவு என்பது கிலோமீட்டரில் மட்டும் அளக்கப்படுவதன்று. 2002 டிசம்பரில் தில்லியில் தொடங்கிய மெட்ரோ இரயில் 2009-இல் நொய்டாவையும், 2010-இல் குருகிராமையும், 2015-இல் பரீதாபாத்தையும் எட்டியது. மீரட்டை நோக்கிய நமோ பாரத் விரைவு இரயில் 2025 சனவரியில் தில்லி எல்லைக்குள் வந்தது. எனவே வரைபடத்தில் அருகிலிருக்கும் வட்டாரம் பயணத்தில் தொலைவாகவும், தொலைவிலிருப்பது அருகாகவும் ஆதல் கூடும். ஆயினும் நிலையத்தில் இறங்கிய பின் வீடு வரையுள்ள கடைசி இரண்டு கிலோமீட்டரை மறந்துவிடலாகாது. இரவு எட்டு மணிக்கு அவ்வழியே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது நன்று.

எல்லைக்கோட்டின் பொருள்

நமது வீட்டு வாடகைப்படி பணியிடத்தைப் பொறுத்தது; வசிக்கும் இடத்தைப் பொறுத்ததன்று. ஆகவே மாநில எல்லைக்கு அப்பால் குறைந்த வாடகையில் குடியேறினாலும் படி குறைவதில்லை. இந்த ஆதாயம் பலரை ஈர்க்கிறது. ஆனால் எல்லையைக் கடந்ததும் மின் கட்டணம், குடிநீர் வழங்கல், வாகனப் பதிவு, காவல் துறை ஆகிய யாவும் வேறொரு மாநிலத்தின் பொறுப்பாகின்றன. தில்லியின் தனியார் பள்ளிகள் பல, மழலையர் வகுப்புச் சேர்க்கையில் வீட்டின் அண்மைக்கு மதிப்பெண் அளிப்பதையும் பெற்றோர் கருத வேண்டும்.

குடிநீர் பற்றித் தனியே விசாரித்தல் இன்றியமையாதது. குருகிராமில் நிலத்தடி நீர், ஊறும் அளவை விஞ்சி எடுக்கப்படுகிறது. மே மாதத்தில் தண்ணீர் லாரியை நம்ப வேண்டியுள்ளதா, சூலையில் தெருவில் வெள்ளம் தேங்குகிறதா என்னும் இவ்விரண்டு கேள்விகளையும் தரகரிடம் கேளாமல் அங்கு வாழ்வோரிடமே கேட்க வேண்டும்.

சொந்தமாக வாங்க முனைவோர் இன்னும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். நொய்டா, கிரேட்டர் நொய்டா பகுதிகளில் பல ஆயிரம் குடும்பங்கள் பணம் செலுத்திவிட்டு, வீடு கைக்கு வராமல், கடன் தவணையையும் வாடகையையும் ஒருங்கே சுமக்க நேர்ந்தது. 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டை அந்தக் கட்டுமானத்திற்கும் அதன் நிலத்திற்குமே செலவிடத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும் என விதித்தது. ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெறாத திட்டத்தில் பணம் போடுதல் கூடாது.

தேர்வும் தேர்வின்மையும்

இதுவரை கூறியவை தேர்ந்தெடுக்கும் வசதி படைத்தோருக்கானவை. இனித் திட்டமிடுவோர் கவனத்திற்குரிய ஒன்றைக் கூற விரும்புகிறேன்.

தில்லியின் வடகோடியில் நரேலா என்னும் துணை நகரம் உள்ளது. தில்லி வளர்ச்சி ஆணையம் அங்குப் பல்லாயிரம் வீடுகளைக் கட்டியது. வீட்டுப் பற்றாக்குறைக்குப் பெயர்பெற்ற நகரில் அவை ஆண்டுக்கணக்கில் விலைபோகவில்லை. 2014-ஆம் ஆண்டுத் திட்டத்தில் நரேலா, ரோகிணி முதலிய இடங்களில் ஒதுக்கீடு பெற்றோர் பலர் வீடுகளைத் திருப்பியளித்தனர். 2017-இல் விற்பனைக்கு வைக்கப்பட்ட சுமார் 12,000 வீடுகளுள் பெரும்பகுதி அவ்வாறு எஞ்சியவையும் திரும்பியவையுமே. வீடு இருந்தது, வேலைக்குச் செல்ல வழி இல்லை. மெட்ரோ பாதையை நரேலா வழியாக நீட்டிக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது 2024 டிசம்பரில்தான்.

நரேலாவை ஒட்டியே பவானா உள்ளது. 2004-இல் யமுனைக் கரையிலிருந்து அகற்றப்பட்ட பல ஆயிரம் குடிசைக் குடும்பங்களுள் ஒரு பகுதி அங்கு அனுப்பப்பட்டது. அவர்களுக்குக் கிடைத்தது 12.5 அல்லது 18 சதுர மீட்டர் மனை. பிழைப்பு இருந்த இடமோ ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு அப்பால். நகரின் வீடுகளில் வேலை செய்து வந்த பெண்கள் பலர் அவ்வேலைகளை இழந்தனர். பேருந்துக் கட்டணமும் பயண நேரமும் கூலியைத் தின்றுவிடும்போது வேலைக்குச் செல்வதில் பொருளில்லை.

இவ்விரு ஊர்களையும் சேர்த்து நோக்குங்கள். திருப்பியளிக்க இயன்றவர்கள் நரேலாவைத் திருப்பியளித்தனர். மறுக்க இயலாதவர்கள் பவானாவுக்குச் சென்றனர். நடுத்தர மக்கள் எதனைத் தக்கதன்று என ஒதுக்கினார்களோ, அதனையே ஏழைகளுக்கு மறுவாழ்வு என நாம் வழங்கினோம். காலியாகக் கிடந்த அவ்வீடுகள் திட்டமிடுவோருக்கு மக்கள் அளித்த தீர்ப்பு. அத்தீர்ப்பை வழங்கும் வாய்ப்புக்கூடக் குடிசைவாசிக்கு இல்லை. முறையான இடத்தில் இடம் கிடைக்காதோர் தாமே உருவாக்கிக்கொண்டவைதாம் அங்கீகாரமற்ற குடியிருப்புகள். அத்தகைய 1,731 குடியிருப்புகளில் வாழ்வோருக்கு உரிமை வழங்க 2019-இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

பேருந்து, பள்ளி, மருந்தகம், குடிநீர் ஆகியவை முதலில் வரட்டும். அவற்றைத் தொடர்ந்து வீடுகள் எழட்டும். வேலை மிகுந்துள்ள இடங்களை ஒட்டிக் குறைந்த வாடகை வீடுகளுக்கு நிலம் ஒதுக்கப்படட்டும். நாம் நமது குடும்பத்திற்காகக் கேட்கும் அதே கேள்விகளை, அதாவது வேலை எவ்வளவு தொலைவு, தண்ணீர் வருமா, குழந்தைக்குப் பள்ளி உண்டா என்பனவற்றை, நமது மேசைக்கு வரும் ஒவ்வொரு குடியிருப்புத் திட்டக் கோப்பிலும் கேட்போமாயின், எங்கே வாழ்வது என்னும் தேர்வு சிலருக்கே உரிய வசதியாக நின்றுவிடாது.