சொட்டும் குழாயும் ஒரு சின்ன வாஷரும்

விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. சொட்டுக்குக் கால் மில்லி என்று வைத்தால் 21 லிட்டருக்கு மேல்! காரணம் பெரும்பாலும் குழாய்க்குள் தேய்ந்துபோன ரப்பர் வாஷர்தான்.

1845-இல் இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரில் கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் நிறுவனம் காப்புரிமை பெற்ற திருகு குழாயின் அடிப்படை இன்றும் மாறவில்லை. திருகத் திருகத் தண்டு இறங்கி, வாஷரை நீர்வழியின் மேல் அழுத்தி அடைக்கும்.

வாஷரை மாற்ற முதல்முறை கைவைப்பவர்கள் ஸ்பேனரைத் தேடி ஓடுகிறார்கள். முதலில் தேட வேண்டியது மாடித் தொட்டியிலிருந்து வரும் பைப்பின் வால்வை. அதை மூடி, குழாயைத் திறந்துவிட்டு, மிச்சத் தண்ணீர் வடிந்த பிறகே கழற்ற வேண்டும். சிங்க் ஓட்டையைத் துணியால் அடைத்துவிட்டால் சின்னத் திருகாணி உள்ளே விழாது. ஸ்பேனரைத் திருப்பும்போது குழாயை மறுகையால் இறுகப் பிடிப்பது மிக மிக முக்கியம். இல்லாவிட்டால் சுவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்பு விரிசல் விட்டு, சுவரையே உடைக்க நேரிடும்.

பழைய வாஷரைக் கையோடு ஹார்டுவேர் கடைக்கு எடுத்துப்போனால் அளவு தவறாது. கால் சுற்றிலேயே திறந்து மூடும் புதுவகைக் குழாய்களில் பெரும்பாலும் பீங்கான் தகடுகள்தான். அங்கே உள்பாகத்தையே மொத்தமாக மாற்ற வேண்டும். எல்லாம் பூட்டியதும் வால்வை மெல்ல மெல்லத் திறப்பது நல்லது.