ஆட்டோவுக்கு ஹெட்லைட், பூனைக்கு மூக்கு

இந்த வாரம் கோடிங் இல்ல, லெகோ. "அது குழந்தைங்க சமாச்சாரமாச்சே"ன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. எங்க அம்மாவும் அதையேதான் கேட்டாங்க: "யாருக்குடா வாங்கின, புள்ளைக்கா உனக்கா?" ரெண்டு பேருக்கும்தான்.

என் பொண்ணு யூகேஜி படிக்கிறா. வீட்டுல ஒரு டப்பா நிறைய கலந்து கிடக்குற லெகோ துண்டுங்க. ராத்திரி சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் ரெண்டு பேரும் தரையில உட்காருவோம். ஒரே ஒரு ரூல்: அவ கட்டுறதை நான் தொட மாட்டேன். எனக்குன்னு நான் ஒண்ணு கட்டுவேன்.

ஏன்னு சொல்றேன். பெரியவங்க ஹெல்ப் பண்ண உட்கார்ந்தா, பத்து நிமிஷத்துல துண்டு தேடிக் கொடுக்குற வேலைதான் குழந்தைக்கு மிஞ்சும். "அப்படி இல்ல கண்ணு, இப்படி வை." அவ்ளோதான், பொம்மை அப்பாவோடது ஆயிடும். அதுக்காகப் பக்கத்துல உட்கார்ந்து ஃபோன் நோண்டுறதும் வேலைக்காகாது. நீங்களே சீரியஸா எதையாவது கட்டணும், பாதியில மாட்டிக்கிட்டு முழிக்கணும். அதை அவங்க பார்க்கணும்.

நான் கட்டினது நம்ம ஊர் மஞ்சள் ஆட்டோ. முன்பக்கம் நாலு குமிழ் அகலம். ஹெட்லைட் ஒண்ணு, நட்ட நடுவுல வரணும். ஆனா நாலு குமிழுக்கு நடுவுல ஏது குமிழ்? ஒரு குமிழுக்கும் அடுத்ததுக்கும் 8 மில்லிமீட்டர். எனக்கு நகர வேண்டியது 4. இதுக்குன்னே ஜம்பர்னு ஒரு துண்டு இருக்கு. ரெண்டு குமிழ் இடத்தை அடைச்சுக்கும், ஆனா மேல நடுவுல ஒரே குமிழ்தான். ரெண்டு நாள் தேடி டப்பாவோட அடியில ஒண்ணு கிடைச்சுது. எங்ககிட்ட இருக்குறதே அது ஒண்ணுதான், ஞாபகம் வச்சுக்கோங்க.

இஞ்சினியரா எனக்கு லெகோ மேல ஒரு பொறாமை உண்டு. டென்மார்க்ல பில்லுண்ட்ங்கிற சின்ன ஊர்ல ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன்னு ஒரு தச்சர் 1932ல ஆரம்பிச்ச கம்பெனி. இப்போ நாம பார்க்குற டிசைனுக்கு 1958ல பேட்டன்ட் போட்டாங்க. அன்னைக்குத் துண்டும் இன்னைக்குக் கடையில வாங்குறதும் இன்னும் ஒண்ணோட ஒண்ணு மாட்டும். நாம போன வருஷம் எழுதின ஏபிஐ இந்த வருஷம் ஓடுதா?

எட்டுக் குமிழ் துண்டு ஆறு எடுத்துக்கோங்க, எல்லாம் ஒரே கலர். அதை 91 கோடிக்கு மேல விதவிதமா மாட்டலாம்னு சோரன் ஐலர்ஸ்ங்கிற கணிதப் பேராசிரியர் கம்ப்யூட்டர் வச்சு எண்ணியே காட்டியிருக்கார். அப்புறம் எதுக்கு பெட்டியில வர்ற புக்கைப் பார்த்து ஒரே தடவை கட்டி ஷோகேஸ்ல பூட்டி வைக்கிறது? விலை அதிகம், கலைக்க மனசு வராது, புரியுது. எனக்கு அந்த விலைதான் கலைக்கிறதுக்கே காரணம்.

ஜம்பர் பத்தி அவகிட்ட நான் ஒரு வார்த்தை விளக்கல. நாலு நாள் கழிச்சுப் பார்த்தா ஆட்டோவுல ஹெட்லைட்டைக் காணோம். அவ கட்டின பூனைக்கு முகத்துக்கு நட்ட நடுவுல மூக்கு.

"நடுவுல வைக்கிற துண்டை நான் எடுத்துக்கிட்டேன்ப்பா."

கேட்காம எடுத்ததுக்கு சண்டை போட்டேன். நியாயம்தானே, ஆட்டோ என்னோடது.

"பூனைக்கு மூக்கு வேணும்ல? நீ ஆட்டோவைப் பகல்ல ஓட்டிக்கோ."

பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு. இப்போதைக்குப் பகல் சவாரி மட்டும். அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.