புது பிளாட்ஃபார்ம் வந்தாச்சு, பழைய மென்பொருளை என்ன செய்யலாம்?

புதுசா ஒரு டெவலப்மென்ட் பிளாட்ஃபார்ம் வந்ததும் டீம்ல முதல்ல வர்ற கேள்வி, "நம்ம மென்பொருளை இதுல திரும்ப எழுதிடலாமா?" என்பதுதான். இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

விஷுவல் பேசிக் 6-ஐ எடுத்துக்கோங்க. 1998-ல வந்தது. பில்லிங், ஸ்டாக், சம்பளக் கணக்குன்னு ஏகப்பட்ட மென்பொருள்கள் அதுல எழுதப்பட்டன. 2002-ல மைக்ரோசாஃப்ட் டாட்நெட்டைக் கொண்டு வந்தாங்க. பெயர் அதே விஷுவல் பேசிக்தான், ஆனா பழைய கோட் அதுல அப்படியே ஓடாது. மாற்றித் தர ஒரு கருவி கொடுத்தாங்க. அதுக்கு அப்புறமும் கையால திருத்த வேண்டியது நிறைய இருந்தது.

மாற்றாதவங்க என்ன ஆனாங்க? 2008-ல அந்த எடிட்டருக்கான ஆதரவு நின்னுபோச்சு. ஆனா அதுல எழுதின புரோகிராம் ஓடத் தேவையான ரன்டைம் விண்டோஸ் 11-லயும் இருக்கு. இன்னொரு பக்கம், 2007-ல வந்த சில்வர்லைட்டை நம்பி மாறினவங்க மறுபடியும் மாற வேண்டியதாச்சு. 2021 அக்டோபரோட அதுக்கான ஆதரவே முடிஞ்சுது. ஆக, புதுசா இருக்குங்கிறது மட்டும் காரணம் ஆகாது.

பழைய கோட்ல புரியாத வரிகள் இருக்கும். பைசாவை எங்கே ரவுண்ட் பண்ணணும்? 2017 ஜூலை 1-க்கு முன்னாடி விற்ற சரக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு திரும்பி வந்தா, எந்த வரிக் கணக்கு? இப்படி ஒவ்வொரு 'இஃப்' வரிக்குப் பின்னாலயும் யாரோ ஒரு வாடிக்கையாளர் சொன்ன புகார் இருக்கும். அதெல்லாம் எந்த ஆவணத்துலயும் இருக்காது, கோட்ல மட்டும்தான் இருக்கும். அழிச்சிட்டு எழுதினா, அதே புகார்களை மறுபடியும் வாங்கணும்.

நெட்ஸ்கேப் கதை பலருக்குத் தெரியும். 1997-ல நான்காம் பதிப்பு. பழைய கோடை ஓரங்கட்டிட்டு எழுதின ஆறாம் பதிப்பு வந்தது 2000 நவம்பர்ல. ஐந்தாம் பதிப்பு வரவே இல்ல. அந்த இடைவெளியில இன்டர்நெட் எக்ஸ்புளோரர் சந்தையைப் பிடிச்சிடுச்சு. அந்தப் புது கோட்ல இருந்துதான் 2004-ல ஃபயர்பாக்ஸ் 1.0 வந்தது என்பதும் உண்மை. ஆனா அதுவரைக்கும் நெட்ஸ்கேப் கம்பெனி தாக்குப்பிடிக்கல.

அப்போ எப்பத்தான் திரும்ப எழுதறது? பாதுகாப்புத் திருத்தங்கள் நின்னுபோனா எழுதணும். பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-ல அப்படித்தான் ஆச்சு. புது இயங்குதளத்துல ஓடலைன்னாலும், கோடைத் தொடவே ஆள் கிடைக்கலைன்னாலும் எழுதணும்.

அப்பவும் மொத்தமா வேண்டாம். பனைமரத்து மேல விழுந்த ஆல விதை கொஞ்சம் கொஞ்சமா மரத்தைச் சுத்தி வளர்றதைப் பார்த்திருப்பீங்க. மார்ட்டின் ஃபௌலர் 2004-ல இந்த மாதிரி மரத்தை வெச்சுத்தான் ஒரு முறையை விளக்கினார். முதல்ல ரிப்போர்ட் பகுதியை மட்டும் புதுசுல எழுதுங்க. ஒரு மாசக் கணக்கைப் பழசுலயும் புதுசுலயும் ஓட்டிப் பாருங்க. பைசா சுத்தமா ஒத்துப்போனா அடுத்த பகுதிக்குப் போங்க. நடுவுல நிறுத்த வேண்டி வந்தாலும் கடையில பில் போடறது நிக்காது.

அடுத்த தடவை டீம்ல இந்தப் பேச்சு வந்தா, "இப்ப இருக்கறதுல எது ஓடல?"ன்னு முதல்ல கேளுங்க. பதில் வரலைன்னா, திரும்ப எழுதுற திட்டத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.