கண்ணாடி கிழித்த கை



விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் நடவு நடும் கையைச் சேற்றில் புதைந்த புட்டிச் சில்லு கிழித்துவிடுவதுண்டு. சிறு காயமென்று மஞ்சளை அப்பிக் கட்டிவிடுகிறோம். ஆனால், மணிக்கட்டில் தோலுக்குச் சற்றுக் கீழேயே விரல்களை மடக்கும் தசைநாண்களும், உணர்ச்சி நரம்புகளும், இரத்தக் குழாய்களும் நெருங்கி ஓடுகின்றன. காயத்தின் வாய் சிறிதாயினும் உள்ளே அவை அறுபட்டிருக்கக்கூடும்.

ஆதலின் மூன்றினைச் சோதித்தல் வேண்டும். ஒவ்வொரு விரலும் நுனிவரை மடங்கி நிமிர்கிறதா? விரல் நுனியின் இரு பக்கங்களிலும் தொடுவுணர்ச்சி உண்டா? விரல்கள் வெளுக்காமல் வெதுவெதுப்பாக உள்ளனவா? ஒன்று குறைந்தாலும் தாமதமின்றி மருத்துவமனை சேர்தல் வேண்டும். மூன்றும் சரியாயினும் ஆழமான காயத்தை மருத்துவரிடம் காட்டியே தீரவேண்டும். பாதி அறுந்த நாணும் விரலை மடக்கும், பின்னர் அறுந்துபோகவும் கூடும்.

ஆழப் பதிந்த சில்லைப் பிடுங்கலாகாது. அதன் இரு புறமும் தூய துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, 108 வண்டியை அழைப்போம். இவ்விரு ஊர்களுக்கும் இடையே, முண்டியம்பாக்கத்தில், 2010-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது. உள்ளே தங்கிய சில்லு பெரும்பாலும் எக்ஸ்ரே படத்தில் தெரியும். தனுர்வாயுத் தடுப்பூசியைப் பற்றியும் கேட்டறிதல் நலம்.

வயலோரம் புட்டி உடைப்பதைத் தடுத்து, கிடக்கும் சில்லுகளை நடவுக்கு முன்பே அகற்றுவது ஊராட்சிகளாகிய நம் கடமையாகும்.