மறுப்புக் கடிதம் முடிவல்ல



1990 இல் வலிகாமம் வடக்கை விட்டுப் போய், முகாமிலும் வாடகை வீட்டிலும் இருந்து திரும்பியிருக்கிறீர்கள். போரில் காலையோ பார்வையையோ இழந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கலாம். அவருடைய மாற்றுத்திறனாளி கொடுப்பனவு மறுக்கப்பட்டால், அதோடு விட்டுவிடாதீர்கள். முன்பு போராளியாக இருந்தவரும் ஒதுங்க வேண்டாம். இதற்குப் பார்க்கப்படுவது இயலாமையும் குடும்ப வருமானமும்தான்.

முதலில் தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து, காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

பதிவு இன்னும் பழைய இடத்தில் இருந்தால், கிராம அலுவலரிடம் சொல்லி மாற்றுங்கள். வைத்திய அறிக்கை போதாதென்றால், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் கேளுங்கள். நடக்க, குளிக்க, உழைக்க அவர் படும் சிரமத்தையும் வைத்தியரிடம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பிறகு மேன்முறையீட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அஸ்வெசும முடிவென்றால், அறிவிக்கப்படும் மேன்முறையீட்டுக் காலத்தைத் தவறவிடாதீர்கள்.

தனியே போகத் தயக்கமென்றால், மாதர் சங்கத்தில் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள்.